கூடத்து மணியும் ஒரு ‘டக்’ ஒலியும்

சென்ற ஆண்டு எங்கள் முதுகலை வகுப்பினரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. இரண்டு நிமிடம்தான். படத்தில் பெரிதாக எதுவும் இல்லை, எல்லாம் ஒலிகள். டயல் போனின் வட்டு சுழன்று திரும்பும் ஓசை, கூடத்துத் தொலைபேசியின் இரட்டை மணி, எஸ்.டி.டி. பூத்தில் ரசீது அடிக்கும் அச்சுப்பொறியின் கீச்சொலி, இணையம் கிடைப்பதற்கு முன் மோடம் போட்ட கூச்சல், நோக்கியா மெட்டு, டேப் ரெக்கார்டரில் கேசட்டைச் செருகி மூடும் சத்தம். “எங்க காலம்டா!” என்று எழுதிப் பகிர்ந்திருந்தான் ஒரு நண்பன். ஒரு மணி நேரத்துக்குள் இதயக் குறிகளும் கண்ணீர் முகங்களும் குவிந்தன. அத்தனையும் ஆண்கள் போட்டவை. அந்தக் குழுவில் பெண்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் எங்களில் ஒருத்தி ஒரு வரி எழுதினாள்: “அந்த ரிங் சத்தத்தக் கேட்டா எனக்கு இப்பவும் வயித்தப் பிசையுது.”

யாரும் பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தில் ஒருவர் ‘இனிய இரவு’ படம் போட்டார். பேச்சு முடிந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. அந்தக் காணொளியை நானும் மூன்று முறை போட்டுக் கேட்டிருந்தேன். எனக்கும் கண் கலங்கியது. அவள் வரியைப் படித்ததும் வயிற்றையும் பிசைந்தது. ஒரே ஒலி எப்படி இரண்டையும் செய்கிறது? இந்தக் கட்டுரை அவளுக்கு நான் எழுதியிருக்க வேண்டிய பதில்.

*

பழைய கருவிகளின் ஒலிகளைச் சேகரிப்பது இன்று உலகமெங்கும் நடக்கிறது. 2012இல் அமெரிக்க மாணவர்கள் சிலர் ‘அருகிவரும் ஒலிகளின் அருங்காட்சியகம்’ என்ற பெயரில் ஓர் இணையதளம் தொடங்கினார்கள். ஜெர்மனியில் ‘ஒலியைப் பாதுகாப்போம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் நடக்கிறது. நம் ஊரில் ‘90ஸ் கிட்ஸ்’ காணொளிகள் அந்த வேலையைச் செய்கின்றன. இவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். பழைய சொற்களைத் தொகுக்கும் துறையிலிருந்து வருகிறவள் நான். ஒலிகளைத் தொகுப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் தொகுக்கும் முறையைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பொருளின் படம். அழுத்தினால் அதன் ஒலி. அவ்வளவுதான். அந்தத் தொலைபேசி எந்த அறையில் இருந்தது, மணி அடித்ததும் யார் ஓடி வந்தார்கள், யார் எடுத்தார்கள், யார் எடுக்கக் கூடாது என்பது எதுவும் இல்லை. ஒலியை வீட்டிலிருந்து பிடுங்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லை அது வரும் பாடலிலிருந்து பிடுங்கி அகராதியில் மட்டும் வைப்பது போலத்தான் இது. பொருள் கிடைக்கும், திணை கிடைக்காது.

நினைவேக்கத்தைக் குறிக்கும் ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை 1688இல் ஜோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் உருவாக்கினார். கிரேக்கத்தில் வீடு திரும்புதல், வலி என்ற இரு சொற்களைச் சேர்த்தார். அயல்நாட்டுக்குப் போன சுவிட்சர்லாந்துக்காரர்களை வாட்டிய நோயின் பெயர் அது. அந்தச் சொல்லுக்குள் ஒரு வீடு இருக்கிறது; அது தன்னுடையது, திரும்பிப் போனால் ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பிறந்த வீட்டை ‘அம்மா வீடு’ என்றும் புகுந்த வீட்டை ‘மாமியார் வீடு’ என்றும் சொல்லப் பழகிய நமக்கு அந்த நம்பிக்கை அத்தனை எளிதாக வாய்ப்பதில்லை. ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியான தன் நூலில் நினைவேக்கத்தை இரண்டாகப் பிரித்தார். இழந்த வீட்டை அப்படியே மீட்டுக் கட்டத் துடிக்கும் ஏக்கம் ஒன்று. ஏக்கத்தோடு இருந்துகொண்டே அந்த வீட்டைச் சந்தேகிக்கும் ஏக்கம் மற்றொன்று. “எங்க காலம்டா” முதல் வகை. என் தோழியின் வரி இரண்டாம் வகையும் இல்லை. அவளுக்கு வலி மட்டும்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எனக்கு ஓர் இடம் தேடுகிறேன்.

*

தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறுநகரம் எங்களுடையது. அப்பா பள்ளி ஆசிரியர். பல ஆண்டுகள் பதிவுசெய்து காத்திருந்து 1993இல் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. கூடத்தில், அப்பாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், முக்காலி மேல் வைத்தோம். அம்மா அதற்கு வெள்ளை நூலில் உறை பின்னினாள். உறை அம்மாவுடையது, தொலைபேசி அப்பாவுடையது.

மணி அடித்தால் அடுக்களையிலிருந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அம்மா ஓடி வருவாள். “இருங்க, அவங்கள கூப்பிடுறேன்” என்பதுதான் பெரும்பாலும் அவள் பேசும் முழு வசனம். பம்பாயிலிருந்து சித்தி பேசினால் மட்டும் இரண்டு நிமிடம் நீளும். அப்போதும் நின்றுகொண்டேதான் பேசுவாள். அப்பா உட்கார்ந்து பேசுவார். அந்த நாற்காலியில் அமர்ந்து அம்மா பேசியதாக எனக்கு ஒரு நினைவும் இல்லை.

மணி அடித்து, அப்பா எடுத்து “ஹலோ” என்றதும் எதிர்முனை வைத்துவிட்டால் வீட்டின் காற்றே மாறிவிடும். அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார். “யாரு அது?” என்பார். தவறான எண்ணாக இருக்கலாம், இணைப்புக் கோளாறாக இருக்கலாம், யாரோ ஒரு பொறுக்கியாகவும் இருக்கலாம். எதுவானாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் செய்யாத அழைப்புக்கும் எங்களுக்கே வராத அழைப்புக்கும் விளக்கம் தர வேண்டியிருந்தது. என் தோழியின் வயிற்றைப் பிசைவது இதுதான் என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டில் அப்படி வந்த மூன்றாவது அழைப்பு அவள் படிப்பை ஆறு மாதம் நிறுத்தியது.

அகநானூற்றின் 122ஆம் பாடலில் பரணர் தலைவிக்குத் தடையாக விழித்திருப்பவற்றை வரிசைப்படுத்துவார்: ஊர், அன்னை, காவலர், நாய், நிலவு, கூகை, கோழி. வகுப்பில் அந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் அந்தப் பட்டியலில் எங்கள் கூடத்துத் தொலைபேசியையும் மனத்துக்குள் சேர்த்துக்கொள்வேன். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இற்செறிப்புக்கு ஒரு மணி கிடைத்தது.

அந்த மணிக்கு ஒரு பூட்டும் உண்டு. டயல் வட்டின் ஓட்டையில் செருகும் சின்னப் பித்தளைப் பூட்டு. அழைப்பு வந்தால் பேசலாம். நாமாக யாரையும் அழைக்க முடியாது. சாவி அப்பாவின் பூணூலில் தொங்கியது என்று எழுதினால் படிமம் அழகாக இருக்கும், ஆனால் நாங்கள் பூணூல் போடுகிறவர்கள் இல்லை. சட்டைப் பையில், பேனாவோடு இருந்தது.

1995இல் அக்கா பி.எஸ்ஸி. இரண்டாமாண்டு படித்தபோது வீட்டில் திருமணம் பேசி முடித்தார்கள். வருகிற தையில் என்றார்கள். ஒரு மதியம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அக்கா என்னை வாசலில் நிற்கச் சொன்னாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அது உட்காரும் இடத்திலிருந்த பொத்தானை விரலால் தட்டத் தொடங்கினாள். டயல் போனில் வட்டு திரும்பும்போது மின்னோட்டம் விட்டுவிட்டுப் போகிறது. 4 என்றால் நான்கு துண்டிப்பு, 7 என்றால் ஏழு, பூஜ்யம் என்றால் பத்து. இணைப்பகம் எண்ணுவது அந்தத் துண்டிப்புகளைத்தான். அதே துண்டிப்பைப் பொத்தானைத் தட்டியும் உண்டாக்கலாம். பூட்டு வட்டைத்தான் பிடித்துவைத்திருந்தது, பொத்தானைப் பிடிக்கவில்லை. இயற்பியல் மாணவியான அக்கா அதைக் கண்டுபிடித்திருந்தாள்.

எங்கள் ஊர் எண்கள் அப்போது ஐந்து இலக்கம். அவள் அழைத்த எண்ணில் நடுவே ஒரு பூஜ்யம் இருந்தது. பத்துத் தட்டு, ஒரே சீராக. ஒன்று குறைந்தாலும் வேறு வீட்டில் மணி அடிக்கும். இரண்டு முறை தவறி மூன்றாவது முறை கிடைத்தது. அவளுடைய கல்லூரிப் பேராசிரியர் எடுத்தார். அக்கா அழாமல் நான்கு வாக்கியம் பேசினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு ஒரு மணி நேரம் பேசினார். கல்யாணம் நிற்கவில்லை. படிப்பு முடிந்த பிறகு என்று தள்ளிப்போனது. அந்தப் பட்டத்தை வைத்துத்தான் அக்கா பிறகு வேலைக்குப் போனாள்.

டக், டக், டக். அந்தத் தட்டல் எந்தச் சேகரிப்பிலும் இல்லை. அது கருவியின் ஒலியும் இல்லை. பூட்டிய கருவியிலிருந்து ஒரு பெண் வரவழைத்த ஒலி.

*

நினைவேக்கக் காணொளிகள் எல்லாவற்றிலும் தவறாமல் இடம்பெறும் டயல் ஒலியின் பிறப்பையும் பார்க்கலாம். தொடக்கத்தில் தொலைபேசியை எடுத்தால் மனிதக் குரல் பேசும். அமெரிக்காவின் பாஸ்டன் நகர இணைப்பகத்தில் முதலில் சிறுவர்களை வைத்திருந்தார்கள். அவர்கள் அழைப்பவர்களிடம் மரியாதையின்றிப் பேசினார்கள் என்று 1878இல் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு அமர்த்தினார்கள். உலகின் முதல் பெண் இணைப்பாளர் அவர். பிறகு அது பெண்கள் வேலையாகவே ஆனது. பெண் குரல் மென்மையானது, பொறுமையானது, கூலியும் குறைவு.

அந்தப் பெண்ணை நடுவிலிருந்து அகற்றியவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற சவ அடக்கத் தொழிலாளர். தன் போட்டியாளரின் மனைவி இணைப்பகத்தில் இருந்துகொண்டு தனக்கு வரும் அழைப்புகளைக் கணவருக்குத் திருப்பிவிடுவதாக அவர் சந்தேகப்பட்டார் என்றொரு கதை உண்டு. 1891இல் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். சுழல் வட்டு அதன் வழியில் வந்தது. கதை உண்மையோ இல்லையோ, இந்த நூறாண்டுகளாக அது விரும்பிச் சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும். பேச்சுக்கு நடுவே ஒரு பெண் இருந்தாள், அவளை நம்ப முடியவில்லை, எனவே எந்திரம் வந்தது. டயல் ஒலியில் நாம் கேட்டு உருகுவது ஒரு பெண் வேலையிழந்த ஒலியையும் சேர்த்துத்தான்.

*

பிறகு கைப்பேசி வந்தது. இந்தியாவில் 1995லேயே வந்துவிட்டாலும் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வர 2003 ஆகவேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானது. காசில்லாதவர்கள், குறிப்பாகக் கையில் தனிக்காசு இல்லாத பெண்கள், அதிலிருந்து ஒரு மொழியே உருவாக்கினார்கள். மிஸ்டு கால். ஒரு மணி என்றால் பேருந்து ஏறிவிட்டேன். இரண்டு என்றால் நீ கூப்பிடு. மூன்று என்றால் வீட்டில் ஆள் இருக்கிறது, கூப்பிடாதே. சொல்லே இல்லாமல், செலவே இல்லாமல் பேசிக்கொண்டோம்.

அந்தக் காலத்து ஒலிகளில் எனக்கு மிக அணுக்கமானது ஒன்றுண்டு. அழைப்போ குறுஞ்செய்தியோ வருவதற்கு ஓரிரு நொடி முன்பு பக்கத்திலிருக்கும் வானொலியோ தொலைக்காட்சியோ ‘டிட்-டிடிட் டிட்-டிடிட்’ என்று இரையும். ஜி.எஸ்.எம். கைப்பேசி தொடர்ச்சியாக அலை அனுப்புவதில்லை. நொடிக்கு ஏறத்தாழ 217 துடிப்புகளாக அனுப்புகிறது. அந்தத் துடிப்பைப் பக்கத்துக் கருவியின் ஒலிபெருக்கி பிடித்துக்கொள்கிறது.

2004இல் எனக்குத் திருமணமாகி ஓராண்டு. தமிழில் பெண்கள் எழுதும் கவிதையின் மொழியைப் பற்றி ஊரெல்லாம் கூச்சலாக இருந்த நேரம். நான் எழுதுகிறேன் என்பது கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. வரிகளைக் குறுஞ்செய்தியில் தட்டி வேறோர் ஊரில் இருந்த கவிஞர் தோழிக்கு அனுப்புவேன், அவள் திருத்தி அனுப்புவாள். கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைத்துத் தலையணைக்கடியில் செருகியிருப்பேன். ஆனால் மாமியார் பார்க்கும் தொடர் நடுவே தொலைக்காட்சி ‘டிட்-டிடிட்’ என்று இரைந்துவிடும். “உனக்கு ஏதோ வருதும்மா” என்பார் திரும்பாமலே. நான்காவது மாதம் கேட்டார்: “தினமும் யாரு?” சொன்னேன். “கவிதையா?” என்றார். பிறகு தொடரைப் பார்க்கத் தொடங்கினார். நான் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த இரைச்சலைக் காணொளியில் கேட்டபோது முதலில் என் கைதான் குளிர்ந்தது. கண் கலங்கியது அதற்குப் பிறகு.

நோக்கியா மெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பெயின் நாட்டு கித்தார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ டாரேகாவின் ‘கிரான் வால்ஸ்’ இசைத்துண்டிலிருந்து எடுத்தது என்ற தகவலோடு நம் நினைவேக்கம் நின்றுவிடுகிறது. அந்தப் பேசிகள் நம் பக்கத்திலேயே உருவாயின. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. அங்கே வரிசையில் நின்று பொருத்திய தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2010இல் அவர்களில் ஓர் இளம்பெண் வேலை நேரத்தில் எந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். 2014 நவம்பரில் ஆலை நின்றது; ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. என் மாணவிகளில் ஒருத்தியின் அக்கா அந்த வரிசையில் நின்றவர். அவருக்கு அந்த மெட்டு என்னவாகக் கேட்கும் என்று “எங்க காலம்டா” கேட்பதில்லை. யாருடைய காலம் என்ற கேள்வி இங்கே பாலினத்தோடு முடியாமல் வர்க்கத்துக்கும் போகிறது.

*

இதுவரை எழுதியதைப் படிப்பவர், பழைய ஒலிகள் ஒழிந்ததே நல்லது என்று நான் முடிக்கப்போவதாக நினைக்கலாம். ஓராண்டுக்கு முன்பாக இருந்தால் அப்படித்தான் முடித்திருப்பேன்.

கடந்த பருவத்தில் ஒரு மாணவி என் அறைக்கு வந்தாள். முதுகலை முதலாண்டு. கதவைச் சாத்திவிட்டுத் தன் கைப்பேசியை என் மேசையில் வைத்தாள். “மேம், இத ஆஃப் பண்ணிட்டுதான் பேசணும்” என்றாள். இரண்டு மாதமாக அவள் யாரிடம் என்ன பேசினாலும் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. தோழிகளைச் சந்தேகித்து ஒவ்வொருத்தியோடும் பேச்சை முறித்திருக்கிறாள். கடைசியில்தான் கண்டுபிடித்தாள்: ஒரு நாள் அவள் தூங்கும்போது அண்ணன் அவள் கைப்பேசியை எடுத்து, அவளுடைய செய்திகள் அனைத்தும் தன் மடிக்கணினியிலும் வரும்படி இணைத்துவிட்டிருக்கிறான். “ஒரு சத்தம்கூட வரல மேம்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு எங்கள் வீட்டின் மற்றொரு ‘டக்’ நினைவுக்கு வந்தது. 1997இல் அப்பா மாடியறைக்கும் ஒரு பேரலல் கனெக்‌ஷன் வாங்கினார். கீழே நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மேலே ரிசீவரை எடுத்தால் மெல்ல ஒரு ‘டக்’ கேட்கும். எதிர்முனைக் குரல் சற்றே மெலியும். அதைக் கேட்டதும் அரைச் சொல்லில் பேச்சை மாற்றுவோம். “அப்புறம்டி, நன்னூல் நோட்ஸ் எடுத்தியா?” எதிர்முனையில் இருப்பவளுக்கும் புரிந்துவிடும். அவள் வீட்டிலும் ஒரு ‘டக்’ உண்டு. எங்கள் தலைமுறைப் பெண்கள் அந்த ஒலிக்குக் காதைப் பழக்கியிருந்தோம். அதற்கு முன் ஒரு பேச்சு, பின் ஒரு பேச்சு என்று வாழ்ந்தோம்.

கண்காணிப்பு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று அதற்கு ஒலி இருந்தது. அப்பா மாடியில் ரிசீவரை எடுத்தால் கீழே எங்களுக்குக் கேட்டது. என் மாணவிக்கு எதுவும் கேட்கவில்லை. கடைசியாக எப்போது இணையத்தில் இருந்தாள், செய்தியைப் படித்தாளா, எந்தத் தெருவில் நிற்கிறாள் என்பதையெல்லாம் கேட்காமலே ஒருவர் தெரிந்துகொள்ளலாம். கைப்பேசி ஊமையானபோது நமக்குத் தனிமை கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். ஊமையானது எச்சரிக்கை மட்டும்தான்.

எனவே எனக்கும் ஒரு நினைவேக்கம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அந்த வீடு எனக்கு வேண்டாம், பூட்டு வேண்டாம், மாடியறை ரிசீவரும் வேண்டாம். ஆனால் காவலுக்கு ஒரு சத்தம் இருந்ததே, அது வேண்டும். எதிரில் இருப்பது எதுவென்று காதுக்குத் தெரிந்தால் விரலால் தட்டித் தப்பிக்கும் வழியை நாம் கண்டுபிடித்துவிடுவோம். அன்று என் மாணவியும் நானும் அமைப்புகளுக்குள் போய் இணைந்திருந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தோம். அண்ணனின் மடிக்கணினி இருந்தது. அவளே அழுத்தி நீக்கினாள். அதற்கும் சத்தம் இல்லை. இப்போது எங்கள் துறையில் மாதம் ஒரு பிற்பகல் மாணவிகளுக்கு இதைச் சொல்லித்தருகிறோம். அக்காவின் பொத்தான் தட்டலுக்கு இன்றைய வடிவம் அது.

குறுங்குடி மருதனார் அகநானூற்றின் நான்காம் பாடலில் ஒரு தலைவனைக் காட்டுவார். கார்காலத்தில் ஊர் திரும்புகிறான். பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாது என்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அப்படி அவன் வருவான் என்று தலைவியிடம் சொல்பவள் தோழி. அது அவன் செய்தது என்பதைவிட, ஓர் ஆண் இப்படி யோசிக்க வேண்டும் என்று அவள் விரும்பியது என்றே நான் வாசிக்கிறேன். தன் மணியோசை இன்னோர் உயிரை என்ன செய்யும் என்று யோசிப்பவன்.

அந்தத் தோழியைப் போல நானும் ஒன்று விரும்புகிறேன். அடுத்த முறை அந்தக் காணொளியைப் பகிர்பவன், அந்த மணி அடித்தபோது தன் வீட்டுக் கூடத்தில் தங்கை என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். தெரியாவிட்டால் அவளைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

குழுவில் என் தோழி எழுதிய அந்த வரிக்குக் கீழே நேற்றிரவு நான் எழுதினேன்: “எனக்கும்டி.” காலையில் எழுந்து பார்த்தபோது மற்ற பத்துப் பெண்களில் ஏழு பேர் எழுதியிருந்தார்கள்.